கோடிக் காம்பராவின் காற்று: ஒரு லயன் வீட்டுக்குள் வெளிப்புகை எவ்வளவு வருகிறது?

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளருக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகள் கொண்ட ஒற்றை லயம் ஒன்றின் கோடி வீட்டில், அதாவது கடைசி வீட்டில், என் உறவுக்கார அக்கா குடியிருக்கிறார். 2022இல் எரிவாயு சிலிண்டர் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது தள்ளிப்போன ஆசை, சென்ற வருடம்தான் அவருக்கு நிறைவேறியது. மிலாறு, அதாவது காய்ந்த தேயிலைக் குச்சி, எரித்த மண்ணடுப்பை உடைத்துவிட்டு எரிவாயு அடுப்பு வைத்தார். மூன்று மாதம் கழித்து நான் போயிருந்தபோது மகனின் கம்பளியை என் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னார்.

"அடுப்பை மாற்றியாகிவிட்டது, தம்பி. கம்பளியில் புகை வாடை போகவில்லையே. இது எங்கிருந்து வருகிறது?"

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். "வெளியிலிருந்து வருகிறது" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் கடன் வாங்கி அடுப்பு மாற்றிய ஒருவருக்கு ஊகத்தைப் பதிலாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். தை, மாசி இரண்டு மாதமும் அதற்குப் போயின. மகனின் இருமலுக்குக் காரணம் என்ன என்பதை நான் ஆராயவில்லை. அது வைத்தியர் பார்க்க வேண்டியது. நான் தேடியது ஒன்றைத்தான்: அவர்கள் உறங்கும் அறையான அந்தக் காம்பராவில் மிதக்கும் நுண்துகளில் எவ்வளவு அந்த வீட்டுக்கே உரியது, எவ்வளவு வெளியிலிருந்து வந்தது?

அளந்தது பி.எம். 2.5 என்று சொல்லப்படும் துகள்களை, அதாவது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உடையவற்றை. தலைமயிரின் தடிப்பு இதைப்போல இருபது மடங்குக்கும் மேல். விறகுப் புகையின் துகள்களில் பெரும்பங்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியது. அந்த அளவுதான் ஆபத்தானது. பாரத்தால் கீழே படிவதற்கு அது சிறியது. அங்கும் இங்கும் அலைந்து சுவரில் ஒட்டிக்கொள்வதற்குப் பெரியது. ஆகவே மிதந்துகொண்டே இருக்கும். காற்று நுழையும் இடுக்கிலெல்லாம் தானும் நுழையும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலின்படி ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமும் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமும் எல்லை. இலங்கை 2008இல் வர்த்தமானியில் வெளியிட்ட நியமங்களில் இவை முறையே 50, 25. இந்த நியமங்கள் எல்லாம் வெளிக்காற்றுக்கு உரியவை என்பது பலருக்குத் தெரியாது. மனிதர் இரவு முழுவதும் இழுப்பது காம்பராவுக்குள் இருக்கும் காற்றை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை முழுவதும் வீட்டின் அமைப்பில் இருந்தது. முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணை, அதன்பின் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, பின்னால் இறக்கிக் கட்டிய அடுப்படி. மேலே தகரம். காம்பராவின் ஒரு பக்கச் சுவருக்கு வெளியே வடிகான் ஓடுகிறது. மறுபக்கச் சுவருக்கு அப்பால் பெரியம்மா என்று எல்லோரும் அழைக்கும் முதியவரின் வீடு. அவர் இன்னும் விறகுதான் எரிக்கிறார். முன்கதவின் அடியில் இரண்டு விரல் நுழையும். தகரத்தின் நெளிவும் சுவரும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். தை மாதக் கூதலுக்குப் பயந்து சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். சாக்கு காற்றின் வேகத்தைத்தான் குறைக்கும், துகளைத் தடுக்காது.

லேசர் ஒளிச்சிதறலால் துகளை எண்ணும் ஒரே வகைக் கருவிகள் இரண்டு வாங்கினேன். இவ்வகைக் கருவிகள் ஏறக்குறைய 0.3 மைக்ரோமீட்டருக்குச் சிறிய துகள்களைச் சரியாகக் காண்பதில்லை. அவை தரும் எண்ணை முழு உண்மையாக எடுக்கக் கூடாது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிப் பிழைவிட்டால் ஒப்பீடு நிற்கும். அதனால் வேலை தொடங்குமுன் மூன்று நாள் இரண்டையும் என் மேசையில் அருகருகே வைத்து ஓடவிட்டேன். ஒன்று மற்றதைவிடச் சற்றுக் கூடவே காட்டியது. அந்த வித்தியாசத்தைக் குறித்துவைத்துப் பின்னர் கணக்கில் திருத்தினேன். முடிந்த பிறகும் இதே சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்த மூன்று நாளைச் சோம்பலால் விட்டுவிடுகிறவர்கள் கருவிகளுக்கிடையிலான வித்தியாசத்தை வீட்டின் குணம் என்று எழுதிவிடுவார்கள்.

உட்கருவி மகன் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. வெளிக்கருவியை முதலில் இஸ்தோப்பின் மூலையில் தகரத்துக்குக் கீழே தொங்கவிட்டேன். அது தவறு. லயத்தின் அடுப்புப் புகை எல்லாம் தகரத்தின் விளிம்பால்தான் வழிந்து வெளியேறுகிறது. நான் அளந்தது வெளிக்காற்றை அல்ல, வெளியேறும் உட்காற்றை. முதல் வாரத்துப் பதிவை முழுவதும் ஒதுக்கிவிட்டு, வாசலுக்கு அப்பால் மலையைப் பார்த்து நிற்கும் கொய்யா மரத்தில், மூச்சு விடும் உயரத்தில் கட்டினேன். மழைக்கும் வெயிலுக்கும் ஓர் ஐஸ்கிறீம் டப்பாவில் துளையிட்டுக் கவிழ்த்துப் போட்டேன்.

அக்காவின் மகள் தரம் 10 படிக்கிறாள். அவளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, கதவு திறப்பது, மூடுவது, அடுப்புப் பற்றவைப்பது, தாளிப்பது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதச் சொன்னேன். அந்தக் கொப்பியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மலைநாட்டில் இந்த வேலையைச் செய்கிறவருக்கு முதல் எதிரி பனிமூட்டம். சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பதன், 80 சதவீதத்தைத் தாண்டும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. மூட்டம் இறங்கிவிட்டாலோ நீர்த்துளிகளையே கருவி துகள் என்று எண்ணிவிடும். தர அளவுமுறையில் துகளை வடிகட்டியில் பிடித்து, 35 சதவீதத்தை ஒட்டிய சாரீரப்பதனில் உலரவிட்டுத்தான் நிறுப்பார்கள். மரத்தில் தொங்கும் சிறு கருவிக்கு அந்த வசதி இல்லை. ஒரு விடியற்காலை கொய்யா மரத்துக் கருவி திடீரென்று பல மடங்கு ஏறியது. நான் அப்போது வாசலில்தான் நின்றேன். புகை வாடை துளியும் இல்லை. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. டப்பாவின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, நான்கு பேரின் உடற்சூட்டில் சற்று உலர்ந்த காம்பராவில், மற்றக் கருவி அசையவே இல்லை.

இந்தப் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வெளியளவு பொய்யாக ஏறினால், "வெளியே இவ்வளவு இருந்தும் உள்ளே வரவில்லையே" என்று தோன்றும். ஓட்டை நிறைந்த லயன் வீடு நல்ல பாதுகாப்பான வீடு என்று கணக்கு சாட்சி சொல்லும். அப்படி ஒரு சாட்சியை எடுத்துக்கொண்டு யாரும் இந்த மக்களிடம் போய்விடக் கூடாது. சாரீரப்பதனைக் கொண்டு திருத்தும் சமன்பாடுகள் உண்டு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பயன்படுத்தும் ஒன்று பெயர்பெற்றது. ஆனால் அது அங்குள்ள காற்றுக்கு வார்த்தது. நீர்த்துளி மூட்டத்துக்கு உதவாது. ஆகவே வெளியே 90 சதவீதத்துக்கு மேல் போன மணித்தியாலங்கள் அனைத்தையும் நீக்கினேன். பதிவில் பெரும் பகுதி போய்விட்டது. தை, மாசியைத் தேர்ந்ததற்குக் காரணமும் இதுவே: அப்போதுதான் இந்தப் பக்கத்தில் தெளிந்த இரவுகள் கிடைக்கும். ஆனி, ஆடியின் தென்மேல் பருவமழையில் தொடங்கியிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

தெளிந்த இரவுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். அதற்கு மேல் சற்றுச் சூடான காற்று மூடிபோல் நிற்கும். லயங்களின் அடுப்புப் புகை, தேயிலை உலர்த்த விறகு எரிக்கும் ஃபெக்டரியின் புகை, எதிர்மலையில் யாரோ மானாப்புல்லுக்கு வைத்த நெருப்பின் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழே கிடக்கும். மலைகள் சூழ்ந்த கண்டி நகரின் புகை எளிதில் கலையாததற்கும் இதுவே ஒரு காரணம். சில வேளை புகை இன்னும் தூரத்திலிருந்தும் வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது வடக்கிலிருந்து வந்த மாசுக் காற்று இலங்கையை மூடியது. 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். வீட்டுக்குள் இருங்கள் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். லயன் வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு காக்கும் என்ற கேள்வி அன்றே என் மனதில் விழுந்தது.

பதிவுகள் கைக்கு வந்ததும் பலரும் செய்வது உள்ளளவை வெளியளவால் வகுப்பது. அந்த விகிதத்தை நான் நம்புவதில்லை. தாளிக்கும்போது அது ஐந்தாகும், நள்ளிரவில் அரையாகும். சராசரி எடுத்தால் இரண்டையும் கலந்த, எதையும் குறிக்காத ஓர் எண் வரும். ஒன்றைவிடக் கூடினால் குற்றம் உள்ளே, குறைந்தால் குற்றம் வெளியே என்று சொல்வதும் பிழை. நல்ல வழி, ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வெளியளவைக் கிடையாகவும் உள்ளளவை நிலையாகவும் வைத்துப் புள்ளியிடுவது. புள்ளிகளின் ஊடாகச் செல்லும் நேர்கோட்டின் படித்திறன், வெளித்துகளில் எத்தனை பங்கு உள்ளே வந்து மிதக்கிறது என்று சொல்லும். வெட்டுத்துண்டு, வெளியே ஒன்றுமே இல்லாவிட்டாலும் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று சொல்லும். மகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் வரைந்ததுதான் என்று சொல்லிக்கொண்டே வரைதாளை எடுத்து வந்தாள்.

இரவு 10 மணி முதல் 4 மணி வரை, எல்லோரும் உறங்கும் நேரத்துப் புள்ளிகளை மட்டும் முதலில் இட்டோம். கோடு அழகாக அமைந்தது. படித்திறன் முக்காலை ஒட்டி வந்தது. வெட்டுத்துண்டு சொற்பம்.

முக்கால் என்பது நம்பத்தக்கதா? இதைத் தனி வழியால் சோதிக்கலாம். உள்ளே வரும் பங்கு மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: இடுக்கில் சிக்காமல் நுழையும் பகுதி, காம்பராவின் காற்று மணிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பது, நுழைந்த துகள் சுவரிலும் துணியிலும் படியும் வேகம். 1990இல் கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் 178 பேரின் வீடுகளில் நடந்த ஆய்வு, நுண்துகள் அனேகமாகத் தடையின்றி நுழைகிறது என்றும் படியும் வேகம் மணிக்கு 0.39 என்றும் கண்டது. மீதி, காற்று மாறும் வீதம். அதை அளக்க நான் காபனீரொட்சைட்டு மானி ஒன்றை இரவல் வாங்கினேன். நான்கு பேர் இரவு முழுவதும் விட்ட மூச்சு காம்பராவில் நிறைந்திருக்கும். காலையில் தோட்டத்து வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்கும் பாடசாலைக்கும் எல்லோரும் போய்க் கதவைச் சாத்தியதும் அது குறையத் தொடங்கும். குறையும் வேகமே காற்று மாறும் வேகம். வெளிக்காற்றுக்கு மேலான மிகுதி, பத்து இலட்சம் பங்கு காற்றில் 1,200 பங்கிலிருந்து அரை மணியில் 600 ஆனால், 2 என்ற எண்ணின் இயற்கை மடக்கையான 0.69ஐ அரையால் வகுக்க, மணிக்கு ஏறக்குறைய 1.4. எங்கள் அளவும் இந்த அண்டையில்தான் வந்தது. 1.4ஐ, 1.4உம் 0.39உம் சேர்ந்த 1.79ஆல் வகுத்தால் 0.78. துணிமணி அடைந்த சிறு காம்பராவில் துகள் படிவது சற்றுக் கூடும் என்பதால், முக்கால் என்ற விடையோடு இது ஒத்துப்போகிறது. மணிக்கு 0.3 தடவை மட்டும் காற்று மாறும் இறுக்கமான வீடாக இருந்தால் இதே கணக்கு 0.43 தரும்.

ஆகவே அக்காவுக்குச் சொல்லக்கூடிய முதற்பதில் கிடைத்துவிட்டது. வெளியே 40 மைக்ரோகிராம் இருந்தால், அடுப்பே பற்றவைக்காத வீட்டிலும் உள்ளே 30 இருக்கும். அந்த 40 இலங்கையின் 24 மணி நேர நியமத்துக்குள் அடங்குகிறது; உள்ளே இருக்கும் 30 உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர எல்லையைப்போல இரண்டு மடங்கு.

ஆனால் வேலை முடியவில்லை. காலை நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட புள்ளிகளை இட்டபோது அவை கோட்டுக்கு வெகு உயரத்தில் நின்றன. அக்கா எரிவாயு அடுப்பைப் பற்றவைப்பது நாலேமுக்காலுக்கு. உள்ளளவு அதற்கு அரைமணி முன்னரே ஏறத் தொடங்கிவிடுகிறது. கொய்யா மரத்துக் கருவி ஏறுவதோ ஐந்துக்குப் பிறகு. வெளியே வருமுன் உள்ளே வந்துவிடும் வெளிப்புகை எது? இரண்டு நாள் இந்தப் புதிரோடு இருந்தேன். காபனீரொட்சைட்டும் ஒரு குறிப்புக் கொடுத்திருந்தது: எல்லோரும் போன பிறகு அது வெளிக்காற்றின் 420ஐ ஒட்டி இறங்காமல் அதற்கு மேலேயே தங்கிவிட்டது. மானியில் பிழையோ என்று வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கே சரியாகக் காட்டியது. வீதத்தைத் தங்கிய மட்டத்துக்கு மேலான மிகுதியை வைத்துத்தான் கணித்தேன். ஆனால் ஆளில்லாத காம்பராவில் யாருடைய மூச்சு அது?

அப்போதுதான் மகளின் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். தன் வீட்டு நிகழ்வுகளுக்கு இடையே, நான் கேட்காத ஒன்றையும் நாள் தவறாமல் எழுதியிருந்தாள். "4.10 பெரியம்மா மிலாறு முறிக்கிறார்." "4.05 பெரியம்மா அடுப்பு." படுத்தபடியே எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் மேலே வெளிச்சமும் தெரியும்" என்று கூரையைக் காட்டினாள்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரைவரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் தகரம்வரை முக்கோணமாக வெற்றிடம். அதன் ஊடாகப் பெரியம்மாவின் அடுப்பு வெளிச்சம் எங்கள் தகரத்தில் ஆடும். சின்ன வயதிலிருந்து இந்த வெற்றிடத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்ணுக்குப் பழகிப்போனதால் கணக்கில் சேர்க்கவில்லை. உள், வெளி என்று இரண்டே காற்றைப் பேசும் சமன்பாடு தனி வீடுகளுக்கு எழுதப்பட்டது. லயத்தில் மூன்றாவதாக ஒரு காற்று இருக்கிறது. அது பக்கத்து வீட்டின் உட்காற்று.

அது எவ்வளவு என்று கணக்கிட்டேன். காம்பராவின் கொள்ளளவு சுமார் 27 கன மீட்டர். அதில் 100 மைக்ரோகிராம் கூடுதலாக நிலைக்க வேண்டுமென்றால் மணிக்கு ஐந்து மில்லிகிராம் அளவு புகைத்துகள் சுவருக்கு மேலால் வந்தால் போதும். ஓர் அரிசிமணியின் எடையில் கால்வாசி. இரண்டு மிலாறுக்குச்சி முறித்துப் போட்டு ஊதும்போது எழும் புகையில் அது கண்ணுக்கே தெரியாத பங்கு.

பெரியம்மாவின் அனுமதியோடு மூன்றாவது கருவியை அவர் வீட்டில் வைத்தோம். நாலு மணிக்கு அங்கே ஏறியது, சில நிமிடத்தில் இங்கே ஏறியது, அதன் பிறகே கொய்யா மரத்தில். வரிசை ஒரு நாளும் மாறவில்லை.

வெற்றிடத்தைத் தட்டைத் தகரத்தால் அடைத்து, ஓரங்களில் களிமண் பூசினோம். அடுத்த விடியலில் எங்கள் புள்ளிகள் கோட்டுக்கு அருகே இறங்கின. படித்திறன் மாறவில்லை, ஏனென்றால் வெளிக்காற்றின் வழிகள் அப்படியே இருந்தன. அக்கா மகிழ்ந்தார். நானும் ஒரு மணி நேரம் மகிழ்ந்தேன். பிறகு மூன்றாவது கருவியைப் பார்த்தேன். பெரியம்மாவின் காம்பராவில் புகை வழக்கத்தைவிட வெகு நேரம் தங்கியிருந்தது. எங்கள் கூரைதான் இத்தனை காலமும் அவருடைய புகைபோக்கி. அதை மூடிவிட்டோம். அவருடைய சின்னப் பேத்தி அந்தக் காற்றில்தான் உறங்குகிறாள். அன்று மத்தியானமே தகரத்தைக் கழற்றினோம். கழற்றச் சொன்னது அக்காதான். "அந்தப் பிள்ளைக்கும் நெஞ்சு இருக்கிறதல்லவா" என்றார்.

எரிவாயு வாங்கப் பெரியம்மாவிடம் பணமில்லை. ஆகவே அவர் அடுப்புக்கு மேல் தகரத்தில் ஒரு கூண்டும் குழாயும் வைப்பது என்று முடிவானது. லயத்தின் கூரையில் கைவைக்கத் தோட்டத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மூன்று வாரம் சென்றது. குழாய் வைத்த பிறகு மறுபடியும் வெற்றிடத்தை அடைத்தோம். இரண்டு வீட்டிலும் விடியற்காலை அளவு இறங்கியது. பெரியம்மா வீட்டில் இறங்கியதுதான் பெரிது.

இப்போது பார்ப்பது கொய்யா மரத்துக் கருவியை. காற்று அசையாத விடியல்களில் அது முன்னைவிட விரைவாகவும் கூடுதலாகவும் ஏறுகிறது. குழாயின் வாய் கூரையின் முகட்டுக்குக் கீழே நிற்கிறது. புகை மேலே போகாமல் தகரத்தின் மேல் வழிந்து வாசலில் இறங்குகிறது. வாசல் காற்றில் எவ்வளவு ஏறுகிறதோ அதன் முக்கால் அளவு, கதவடியாலும் தகர நெளிவாலும் நுழைந்து காம்பராவின் காற்றிலும் ஏறும் என்பது எங்களுக்குத் தெரியும். குழாயை முகட்டுக்கு மேல் நாலடி உயர்த்தத் தகரம் வாங்கியாகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொருத்துகிறோம். மகள் புதுக் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.